நாலு துண்டு மிச்சம்

போர் விமானம் தரையிறங்கிய வேகத்தில் வால் கழன்று தனியே ஓடியது. "நல்லவேளை, யாருக்கும் அடிபடல" என்றார் மாடி வீட்டுக்காரர், சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்து வாலைத் தேடியபடி.

விமானம் ஒரு முழம்கூட இல்லை. உலகப் போரில் பறந்த பழைய விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமேதான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். தன் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்து வாசலில் நின்ற கீழ்வீட்டுத் தையல்காரம்மா அதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் முதல்முறையாக விமானம் ஏறப்போகிறாள். பேரன் பிறந்து எட்டு நாளாகிவிட்டது. ரயிலில் வந்தால் இரண்டு நாள் வீணாகும் என்று மகள் போனில் அழுததால்தான் சம்மதித்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

"உள்ள வாங்கக்கா" என்றாள் மாடி வீட்டுக்காரி. அவர்கள் குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. "செடிக்கெல்லாம் நான் தண்ணி ஊத்திக்கறேன். நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

தையல்காரம்மா மேசையை நோட்டம் விட்டாள். இடுக்கி, கத்தி, அரம் எல்லாம் ஒரு பலகையில், அதனதன் வடிவத்துக்குக் கோடு வரைந்த இடத்தில் ஒழுங்காக இருந்தன. விமானத்துக்குப் பக்கத்தில் மட்டும் நாலு துண்டு அநாதையாகக் கிடந்தன.

"இது என்ன தம்பி?"

"கொஞ்சம் மிஞ்சிடுச்சுக்கா. அது இல்லாமலும் நிக்கும்."

"நான் ரவிக்கை தைச்சுட்டு ஒரு கையை மிச்சம் வெச்சா, உங்க வீட்டம்மா சும்மா விடுவாங்களா?"

மாடி வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெட்டியில எப்படிப் பூட்டணும்னு புத்தகம் போட்டிருப்பாங்களே?"

"இருக்கு. பிரிக்கவே இல்ல. வேலையிலதான் ஒவ்வொரு பக்கமா பார்த்து, ஒவ்வொரு திருகா எண்ணி முடுக்க வேண்டியிருக்கு. வீட்லயாவது மனசு போனபடி பூட்டக் கூடாதாக்கா?"

மாடிக் கொடியில் காயும், சட்டையும் காற்சட்டையும் ஒன்றாய்த் தைத்த நீல வேலை உடுப்பைப் பார்த்து, ஆள் கார் பட்டறைதான் என்று தையல்காரம்மா முதல் நாளே முடிவு கட்டியிருந்தாள். "நல்லவேளை, என்கிட்ட கார் இல்ல!"

அவர் அசடு வழியத் தலையைச் சொறிந்தார். வாய்விட்டுச் சிரித்ததில் அவளுக்கு ஒரு வாரத்துப் பயம் பாதி கரைந்துவிட்டது.

சாவியை மாடி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்களைப் பார்த்தப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. நிஜ விமானத்தை உங்களை மாதிரி ஆளுங்களா பூட்டப்போறாங்க?"

அவர் நாலு துண்டுகளையும் மெதுவாக உள்ளங்கையால் மூடினார். சுவரில் தொங்கிய நீல உடுப்பை எடுத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதாக முணுமுணுத்தார்.

மனைவிக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காலையில ஏழு மணி ஃபிளைட் தானேக்கா? அதைச் சரிபார்க்கத்தான் இவர் இப்ப கிளம்பறாரு!"