இடைவேளையில் நாலு நிமிடம்

“தண்ணி பாட்டில் ஏழு டாலரா? என்ன, பாதிரியார் ஜெபிச்சுக் குடுத்த தண்ணியா?”

விலைப் பலகையைப் பார்த்து நான் கேட்டதும், பின்னால் நின்ற தாடிக்காரர் சிரித்துவிட்டார். கேட்க ஆள் கிடைத்தால் போதும், எனக்கு வாய் நீண்டுவிடும்.

“டிக்கெட் நூத்தி இருபது. கார் நிறுத்த அம்பது. போன வருஷத்து சீட்டே வேணும்னா காலேஜுக்கு நன்கொடைன்னு வேற தனியாப் பிடுங்கறான். எனக்காவது பரவால்ல. கூலி வேலை பாக்கறவன் ஒரு ஆட்டம் பாக்க முடியுமா? அவனை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.”

“நல்லாச் சொன்னீங்க” என்றார் தாடிக்காரர்.

எங்கள் ஒஹாயோவின் நவம்பர் குளிர் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. காலேஜ் ஃபுட்பால் சீசனில் சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டம். கவுண்டரில் நின்ற பெண்கள் பக்கத்து ஊர் சர்ச் ஆட்கள். சம்பளம் கிடையாது, விற்பனையில் ஒரு பங்கு சர்ச்சுக்குப் போகும்.

எனக்கு முன்னால் இருந்தவர் நகர்ந்தார். என் முறை. “ரெண்டு ஹாட் டாக்” என்றேன். அந்த நேரம் பார்த்து இடைவேளை விசில் ஊதியது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டென்று ஏப்ரனை அவிழ்த்தாள்.

“நாலே நிமிஷம், ஓடி வந்துடறேன்” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

“போ ரோண்டா, நான் பாத்துக்கறேன்.”

எனக்கு எப்படி இருக்கும்? வரிசை வாசல் வரை நிற்கிறது, இவள் விட்டுவிட்டுப் போகிறாள்.

“ஏம்மா, நாங்க என்ன பொம்மையா? ஏழு டாலர் வாங்கத் தெரியுது, நின்னு குடுக்கத் தெரியலையா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “மன்னிச்சுக்குங்க சார், இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, மைதானத்தைப் பார்த்த படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

விடுவேனா? வாக்கி டாக்கியோடு நின்ற மேற்பார்வையாளரைக் கைதட்டிக் கூப்பிட்டேன். அவன் படிக்கட்டிலேயே அவளை மறித்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். சும்மா இருந்திருக்கலாம். நான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி அவளைத் திருப்பி அனுப்பினான்.

வந்தவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

“ரெண்டு ஹாட் டாகா சார்? கடுகு போடவா?”

முகத்தில் கோபம் இல்லை. மேற்பார்வையாளர், “சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்” என்று அணியின் படம் போட்ட பெரிய கப் நிறைய கோக் கொடுத்தான். பதினாறு டாலர் கப், எனக்கு இலவசம். ஆட்டம் முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

சீட்டுக்கு வந்ததும் மனைவி கார்லீனிடம் கப்பைத் தூக்கிக் காட்டினேன்.

“எப்படி வாங்கினேன் கேளு.”

“அப்புறம் சொல்லு டுவெயின். காலேஜ் பசங்க பேண்டு வாசிக்கறாங்க.”

“அது கிடக்குது. கவுண்டர்ல இருந்த பொம்பளை பாதியில விட்டுட்டு ஓடறா, நான் விடுவேனா...”

முழுக்கதையையும் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் பழக்கத்தில் தட்டினேன்.

“ஒரு பொண்ணு தனியா நின்னு டிரம்பெட் வாசிச்சா. உன் தொணதொணப்புல காதுல விழவே இல்ல” என்றாள் கார்லீன்.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் கப் காலி. நிரப்பப் போனேன். வரிசை கலைந்திருந்தது. அதே ரோண்டாதான் கப்பை வாங்கினாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“சார், நீங்க உள்ள சீட்லதானே இருந்தீங்க?”

“ஆமா.”

“டிரம்பெட் தனியா வாசிச்சாளே, அது என் பொண்ணு மார்னி. படிப்பு இந்த வருஷத்தோட முடியுது. இனிமே இந்த மைதானத்துல வாசிக்க மாட்டா.”



“எனக்கு டிக்கெட் எல்லாம் கட்டுப்படி ஆகாது சார். சர்ச் ஆளுங்களோட இங்க நின்னா காசில்லாம உள்ள விட்டுடுவாங்க. இடைவேளையில அந்தப் படிக்கட்டுல நின்னு நாலு நிமிஷம் பாத்துட்டு ஓடி வந்துடுவேன். நாலு வருஷமா அப்படித்தான். தனியா வாசிக்க அவளுக்கு இன்னைக்குத்தான் வாய்ப்புக் குடுத்தாங்க.”

கூலி வேலை பார்ப்பவனுக்காக வயிறு எரிந்தவன் நான்தான்.

“எனக்குத் தெரியாதும்மா...”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்? வரிசையும் நின்னுச்சுல்ல.” கப்பை நிரப்பிக்கொண்டே கேட்டாள். “கடைசியில சுருதி உச்சத்துக்குப் போகும் பாருங்க, வீட்டுக்கு வர்றப்பல்லாம் அந்த இடத்துலதான் தடுக்குவா. இன்னைக்குச் சரியா வந்துச்சா?”

அவள் கை நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள்.

“பிசிறே இல்லாம வந்துச்சும்மா” என்றேன்.

அவள் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பை மூடி என் கையில் கொடுத்தாள்.

“போதும் சார். எனக்குக் கொடுத்து வைக்கல. நீங்களாவது கேட்டீங்களே.”