பின்வரிசையில் மூன்றாமவர்

"இந்த மூஞ்சிய இன்னும் எத்தனை தடவைதான் வாங்குவீங்க, ஆர்லோ?"

ரோண்டா சிரித்துக்கொண்டே படத்தை மேசைமேல் வைத்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மூடிப்போன பத்திரிகை ஆபீஸ்களின் அலமாரிகளை அப்படியே வாங்கி, சனிக்கிழமைச் சந்தையில் படம் படமாக விற்பது அவள் பிழைப்பு.

படத்தில் இருப்பது டென்பரி மில்லர்ஸ் என்கிற, சின்ன ஊர்களுக்குள் ஆடும் மைனர் லீக் பேஸ்பால் அணி. இன்று அந்த அணியும் இல்லை, அது ஆடிய மைதானமும் இல்லை. பின்வரிசையில் மூன்றாவதாகப் பத்தொன்பது வயது ஆர்லோ. மேசைக்கு எதிரில் நிற்கும் ஆர்லோவுக்கு இப்போது பல்கூடச் சொந்தமில்லை.

"லீக்ல இருந்த ஒவ்வொரு ஊர்ப் பேப்பருக்கும் ஒரு பிரதி போயிருக்கு. அத்தனையும் நீங்களே வாங்கிட்டீங்க. அழகாத்தான் இருக்கீங்க, ஒத்துக்கறேன். அதுக்காக இவ்வளவா?"

அவர் சிரிக்கவில்லை. "இதுதான் கடைசி, ரோண்டா. இதுவும் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் எனக்கு ஒண்ணுமே இல்ல."

"இதுவுமா? அப்ப மத்ததெல்லாம்?"

"போச்சு. எல்லாம் என் கையாலதான்."

ரோண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய படம் சேர்ப்பவர்கள், கையுறை போடாமல் யாராவது தொட்டாலே சண்டைக்கு வருகிற ஜாதி.

ஆர்லோ படத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "என்ன பசை இது? மாவுப் பசையா, ரப்பர் பசையா?"

அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களின் சோம்பல் உலகப் பிரசித்தம். சீசன் நடுவே ஆட்டக்காரர் ஒருவர் மாறினால், எல்லோரையும் மறுபடி நிற்கவைத்துப் படம் எடுக்க மாட்டார்கள். புதியவரின் தலையைக் கத்தரித்துப் பழையவரின் கழுத்தில் ஒட்டி, அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்லோ நடுவில் வந்து சேர்ந்தவர்.

"ரப்பர்தான். ஓரத்துல மஞ்சளாத் தெரியுது பாருங்க. அந்தச் சட்டை உங்க தலைக்கு ரெண்டு சைஸ் பெருசு, அதையும் பாருங்க."

"ரப்பரா? அப்ப சுத்தமா வந்துடும்!" அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உயிர் வந்தது. கோட்டுப் பையிலிருந்து சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயையும் மெல்லிய கத்தி ஒன்றையும் எடுத்தார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க? ஒட்டின தலையோட இருந்தாத்தான் இதுக்கு மதிப்பே!"

"வாங்கியாச்சுல்ல? விடும்மா."

ஓரத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கத்தி முனை மெதுவாக உள்ளே போனது. வயதானால் சிலருக்குத் தங்கள் இளமைமேலேயே எரிச்சல் வரும், மனுஷருக்கு அதுதான் முற்றிவிட்டது என்று ரோண்டா நினைத்தாள். கையைப் பிடித்துத் தடுக்கலாம் என்றால், அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து மனசு வரவில்லை.

"முன்னாடி வாங்கினதெல்லாம் மாவுப் பசை. கிழிஞ்சு கிழிஞ்சு வந்துச்சு," என்றார் ஆர்லோ, மூச்சை அடக்கிக்கொண்டு.

இந்த முறை கிழியவில்லை. பத்தொன்பது வயதுத் தலை முழுசாகக் கழன்று அவர் விரலோடு வந்தது.

அடியில் பழுப்பாக ஒரு கறை. இத்தனை வருஷமும் பசை படத்தைத் தின்றிருந்தது. தொப்பியின் விளிம்பு கொஞ்சமும் ஒரு காதும்தான் மிச்சம்.

ஆர்லோ நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"அழாதீங்க ஆர்லோ," ரோண்டா பதறிப்போய்க் குனிந்தாள். "உங்க தலைக்கு ஒண்ணும் ஆகல. திருப்பி ஒட்டிடலாம்."

"என் தலை யாருக்கு வேணும்? அடியில இருந்தது எங்க அண்ணன். அவன் வண்டி கவுந்து செத்தப்புறம்தான் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. வீட்டுல இருந்த அவன் படத்தையெல்லாம் துக்கம் தாங்காம அம்மா அடுப்புல போட்டுட்டாங்க. அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு, ரோண்டா."