ஆறாம் வாய்ப்பாடு

கங்கா கையை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சீ! இன்னும் போகவில்லை.

குளித்தாயிற்று. சோப்பு போட்டாயிற்று. எலுமிச்சைத் தோலை வைத்து விரல் விரலாகத் தேய்த்தாயிற்று. அந்தக் கருப்பு ரப்பர் நாற்றம் மட்டும் அட்டையாக ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. இந்தக் கையால்தான் பிள்ளைக்கு ரசம் சாதம் பிசைய வேண்டியிருக்கிறது, தலையெழுத்து.

ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பம்பு செய்கிற கம்பெனியில் அவளுக்கு ரப்பர் ரிங் மாட்டுகிற வேலை. சின்ன பிளாஸ்டிக் கவரில் ஆறு ரிங் வரும். கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பம்பில் மாட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் கம்பெனிக்குள்ளேயே பெண்கள் உட்கார்ந்து அந்தக் கவர்களைப் போட்டார்கள். இப்போது அந்த வேலை வெளியில் போய்விட்டது. எங்கே, யார் வீட்டில் என்று கேட்டால் எவரும் வாயைத் திறப்பதில்லை.

நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த எச்சிலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒட்டிக்கொண்ட கவரைத் திறக்க எவளோ விரலை நக்கி நக்கித் தொட்டிருக்கிறாள். கவரின் வாயில் ரப்பர் பவுடரும் எச்சிலும் சேர்ந்து திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடக்கும். சிலவற்றில் ஆரஞ்சு நிறத்தில் கறை வேறு. வெற்றிலை போடுகிற மூதேவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நேற்று அப்படி ஒரு கவர் கையில் வந்தது. நேரே போய்ச் சூப்பர்வைசர் நாகப்பன் முகத்துக்கு முன்னால் அதை ஆட்டினாள்.

"எந்த நாய் சார் இத நக்கி வெச்சிக்கீது? கையால தொட முடியல!"

லைனே திரும்பிப் பார்த்தது. கவர் போடுகிறவர்களுக்குப் போன் செய்து நன்றாகக் கேட்டுவிடுவதாக நாகப்பன் சொன்னான். அதன் பிறகுதான் அவளுக்கு டீ உள்ளே இறங்கியது.

"அம்மா, ஆ!"

நிலா வாயைத் திறந்து காட்டினாள். மூன்றாம் வகுப்பு. டியூஷன் விட்டு இப்போதுதான் வந்திருந்தாள். மிஸ் கொடுத்த மிட்டாயில் நாக்கெல்லாம் ஆரஞ்சு.

கங்கா ஒரு வாய் ஊட்டினாள். "இன்னிக்கு இன்னாடி சொல்லிக் குடுத்தாங்கோ?"

ஆறாம் வாய்ப்பாடாம். ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு என்று நிலா தலையை ஆட்டி ஆட்டிப் பாட்டாகவே பாடினாள். எங்கும் தடுக்கவில்லை.

கங்காவுக்கு மனம் பூரித்துப்போனது. அவளும் ஒரு காலத்தில் இதே ஆறாம் வாய்ப்பாடு வராமல் வகுப்பு முழுக்கப் பார்க்க முட்டி போட்டவள்தான். அன்றைக்கு விட்டுப்போன கணக்கு கடைசிவரை பிடிபடவே இல்லை. மகள் படிக்க வேண்டும், அவள் கையில் இந்த ரப்பர் நாற்றம் படக் கூடாது. கங்கா வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

சுபஸ்ரீ மிஸ் அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள், எல்லாம் விளையாட்டுதான் என்று தெருவே அந்த மாடி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியது. பெற்றவர்கள் மட்டும் மாடிக்கு வரக் கூடாது. பிள்ளைகளின் கவனம் சிதறுமாம்.

"எட்டாறு நாப்பத்தெட்டு!" என்று நிலா கையைத் தட்டினாள். தட்டிய சூட்டோடு மறுபடியும் ஓராறு ஆறு என்று ஆரம்பித்தாள்.

"ஒம்போதாறு எங்கடி போச்சு?"

நிலா தட்டிலிருந்த அவித்த முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு, பாதி கடித்த மஞ்சள் கருவை அம்மாவின் வாயில் திணித்தாள். முட்டை அவித்தால் எப்போதும் நடப்பதுதான். பெற்ற பிள்ளையின் எச்சிலில் என்ன அருவருப்பு? கங்கா ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

"ஒம்போதாறு கெடையாதும்மா. எட்டு கவர்லயே பொட்டி ரொம்பிடும். அப்பால புது பொட்டி, மறுபடியும் ஓராறு."

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

என்ன கவர் என்று அவள் கேட்பதற்குள் நிலா ஓடிப்போய்ப் புத்தகப் பையைத் திறந்தாள். ஒட்டிக்கிடந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். விரலை நாக்கில் தொட்டாள். கவரின் வாயில் வைத்து ஒரே தேய்ப்பு, கவர் பிரிந்துகொண்டது. எத்தனை கவர் பிரித்திருந்தால் அந்தச் சின்னக் கை இப்படி ஓடும்!

கங்கா அந்த விரலை இழுத்து முகர்ந்து பார்த்தாள். தன் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாளே, அதே நாற்றம்.

மாடி வீடு, விளையாட்டு, மிட்டாய், வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற அந்த மிஸ். சீ, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?

நிலா சட்டென்று விரலைப் பிடுங்கி யூனிபார்மில் துடைத்துக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டவள்போல் முகம் சுருங்கிவிட்டது.

"இனிமே எச்சி தொடக் கூடாதாம், அம்மா. கம்பெனில யாரோ ஒரு அம்மா எங்கள நாய்னு திட்டிச்சாம். இன்னிக்கு மிஸ் எல்லாரையும் முட்டி போட வெச்சிட்டு, அப்பாலதான் மிட்டாய் குடுத்தாங்க."

மஞ்சள் கரு கங்காவின் வாயிலேயே இருந்தது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை, பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.