ஒரே ஒரு சேனல்

"இந்த விலை ரேடியோ ஸ்கேனர்ல போலீஸ் வயர்லெஸ் பேச்சு கேக்காது சார். அவங்க டிஜிட்டலுக்கு மாறிட்டாங்க" என்றார் ரேடியோ கடைக்காரர் டோயல்.

"போலீஸ் வேண்டாம். தீயணைப்பு வண்டிகளை அனுப்புற சேனல் மட்டும் போதும்" என்றார் வெண்டல். "அதை இன்டர்நெட்ல ஓட விடணும். ஒமாகா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற என் சம்சாரம் போன்ல கேக்கணுமாம்."

டோயல் சிரித்தார். "நோயாளிக்குத் தீ விபத்துச் செய்தியா? நல்ல பாட்டா போட்டு விடுங்க."

டோயல் ஒரு மலிவான ஸ்கேனரை எடுத்து, ஒயரைப் பழைய லேப்டாப்பில் செருகி, சேனலைப் பிடித்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் தெளிவாக வந்தது.

"நாலாம் வண்டி, மில் தெருவுக்குப் போங்க. சமையலறையில புகை. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

வெண்டல் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பொண்ணு மார்லா" என்றார். "எனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கிட்டாளேன்னு வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். எட்டு வருஷமாச்சு. அவ குரலையாவது கேக்கணும்ங்கறா அவ அம்மா."

டோயலின் சிரிப்பு மறைந்தது. "சின்ன ஊருதானே சார். நேர்ல பேசலாமே."

"போன வாரம் அவசர எண்ணுக்கே கூப்பிட்டேன். அவதான் எடுத்தா. 'பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன், என்ன ஆச்சு சொல்லுங்க'ன்னு அவ்வளவு கனிவா கேட்டா. நான்தான்னு சொன்னா அந்தக் குரல் மாறிடுமேன்னு போனை வச்சுட்டேன்."