எட்டுக் கட்டில்களின் கைதட்டல்

“நான் விட்ட ஒரே ஒரு குசுவுக்கு ஆஸ்பத்திரியே எழுந்து நின்னு கைதட்டிச்சு டாக்டரம்மா. மசான் துறைமுகத்துல நின்ன கப்பல்கூடப் பதிலுக்கு ஊதிச்சு,” என்றார் கிழவர் பே தோக்சு, நாய்க்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரிடம்.

“நாற்பது வருஷமா இதே புளுகு,” என்றாள் மனைவி மல்சுன்.

அவர்களுடைய கிழட்டு நாய் டுபு, பீச் பழக் கொட்டையை விழுங்கியிருந்தது. அது குடல்வரை போய்விட்டதால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மூன்று நாளாகியும் காற்றுப் பிரியவில்லை. இன்றும் குடல் அசையாவிட்டால் மறுபடி கத்திதான், டுபு தாங்காது. வாயை மூடினால் அழுதுவிடுவோம் என்று தோக்சுவுக்குத் தெரியும்.

“எனக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் பண்ணினப்ப நாலு நாள் சத்தமே இல்ல. வார்டுல எட்டுக் கட்டில்காரங்களும் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தாங்க. அது வந்ததும் நர்ஸ் பொண்ணு அழுதுகிட்டே எனக்குக் கஞ்சி கொண்டுவர ஓடினா.”

“நம்பாதீங்க டாக்டரம்மா. யாராவது இதுக்குப் போய் அழுவாங்களா?”

அப்போது டுபு படுத்திருந்த கூண்டுக்குள்ளிருந்து ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. நாற்றமும் வந்தது. தோக்சு எழுந்து நின்று கைதட்டினார். டாக்டரும் சிரித்தபடி தட்டினாள்.

மல்சுன் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“கப்பல் ஊதினது மட்டும்தான் பொய் டாக்டரம்மா. மத்ததெல்லாம் நடந்துச்சு. அன்னைக்குக் கஞ்சிக்கு ஓடின நர்ஸ் நான்தான்.”