முதல் பார்வை

செண்பகத்தின் கையில் கட்டியிருந்த, உணர்ச்சியை அளக்கும் பட்டை பொய் பொறுக்காது. புதுப்படத்தை முதன்முறை பார்க்கும் தன் முகத்தை நேரலையில் காட்டிப் பிழைப்பவள் அவள்; படத்தின் கதை முன்கூட்டியே காதில் விழுந்திருந்தால் பட்டை சிவந்துவிடும். அந்த ரியாக்‌ஷன் வீடியோவுக்குச் சல்லிக்காசு வராது. அதனால் அவள் தெருவில் இறங்கினாலே டீக்கடை சினிமாப் பேச்சை விழுங்கிக்கொள்ளும்.

அன்று ஒரு புதுப்படம். அவள் கணவன் இருளப்பன் எதிரே கேமராவைப் பிடித்திருந்தான். லோடு வேன் ஓட்டுகிறவன். சினிமாவில் ஒரு தடவையாவது தலைகாட்ட ஏங்கியவன். பாதிப் படத்தில் வில்லனின் டிரைவர், ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய்க் குண்டடிபட்டுச் சாய்ந்தான்.

அந்த முகம் இருளப்பனுடையது!

செண்பகம் அலறினாள். பாய்ந்துபோய்க் கேமராவுக்குப் பின்னால் இருந்தவனின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அத்தனையும் நிஜம் என்று பட்டை பச்சையாய் ஜொலித்தது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த ஊரே அழுதது.

"போன வருசம் ஓசூர் லோடுன்னு போனது இதுக்குத்தானா? எப்படிய்யா இத்தனை நாள் மூச்சு விடாம இருந்தே?"

தெருவுக்கே முன்பே தெரியும்; ஒருவர்கூட அவளிடம் வாய் திறந்ததில்லை.

"உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு துடிச்சேன் செண்பகம். சொல்லியிருந்தா இன்னிக்கு நீ நடிக்க வேண்டியிருக்கும். நம்ம வீட்டுக்கு ஒரு நடிகன் போதாதா?"