மிச்ச ஒலி

பாட்டுக்குப் பெரிய அரங்கத்தின் எதிரொலியைச் சேர்க்கும் ப்ளக்-இன், அதாவது இசை மென்பொருளோடு இணைக்கும் குட்டி நிரல் அது. அக்காவும் தம்பியும் எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எந்தக் கணினியில் போட்டாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். இரண்டு முறை வெளியிட்டு, ஆளுக்கு ஆள் ஒலி மாறுகிறதென்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இந்த முறையும் சறுக்கினால் கடையைக் கட்டிவிடலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

சோதனை எளிது. தம்பியின் ஒற்றைக் கைதட்டலைப் பதிவுசெய்து இரண்டு பதிப்புகளில் ஓட்டி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்ப்பார்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றென்றால் ஒன்றையொன்று விழுங்கிவிடும்; மிஞ்சுவது மௌனம்.

கடைசியாக லினக்ஸ். ஒலி அளவு காட்டும் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

"ஜெயிச்சிட்டோம்க்கா!"

"கத்தாதடா, முதல்ல வெளியிடுறேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் யாரோ கைதட்டினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு ஓர் அரங்கமே.

"உன்னோடதாடா?"

"எனக்கு ரெண்டு கைதான்க்கா."

முள் அசையவில்லை. தம்பி ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். கைதட்டல் ஓயவில்லை.

அக்கா எழுந்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ஸ்பீக்கர்களைப் பார்த்து நன்றாகக் குனிந்து வணங்கினாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு விசில் பறந்தது.